மறு: ‘கிறீஸ் ட்ரப்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம். சாப்பாட்டுக் கடைச் சமையலறைத் தண்ணீர் வடிகானுக்குப் போகுமுன் அதிலுள்ள எண்ணெயையும் கொழுப்பையும் பிரித்து நிறுத்தும் தொட்டிதான் ‘கிறீஸ் ட்ரப்’ (grease trap). அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் பேச்சில் வந்த இரண்டு கேள்விகளுக்கு என் பதில் இது.

> ‘கொழுப்புப் பொறி’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

புழக்கமெல்லாம் காகிதத்தில்தான். இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துச் சாப்பாட்டுக் கடை எதிலும் நான் அதைக் கேட்டதில்லை. முதலாளி ‘கிறீஸ் ட்ரப்’ என்பார், பீங்கான் கழுவும் பையன் ‘அந்தப் பெட்டி’ என்பான். மூடியைத் திறந்து மூக்கைப் பொத்திக்கொண்டு வழித்துப் போடுகிறவன் அவன். சொல் முதலில் அவன் வாயில் நிற்க வேண்டும்.

‘பொறி’யில் எனக்கு இன்னொரு மனத்தாங்கல் உண்டு. ஏதோ விசை இருந்து கொழுப்பைப் பிடித்துக்கொள்ளும் என்ற நினைப்பை அது தருகிறது. உள்ளே விசையுமில்லை, வடிகட்டியுமில்லை. சிங்கிலிருந்து வரும் தண்ணீர் தொட்டிக்குள் வேகம் தணிகிறது. தண்ணீரைவிட இலேசான எண்ணெய் மேலே மிதக்கும், சோற்றுப் பருக்கை அடியில் தங்கும், நடுவில் உள்ள தண்ணீர் மட்டும் தடுப்புப் பலகைக்குக் கீழாகப் போய் மறுபக்கம் வெளியேறும். அவ்வளவுதான். மேலே மிதப்பதும் அடியில் தங்கியதும் சேர்ந்து ஆழத்தில் நாலில் ஒரு பங்கை எட்டினால் வழித்தெடுத்தே ஆகவேண்டும். விட்டால் புதிதாக வரும் எண்ணெய்க்கு நின்று மிதக்க நேரமிருக்காது, நேரே வடிகானுக்குப் போய்விடும். பொறி வைத்தாயிற்று என்று மூன்று மாதம் மூடியைத் தொடாத கடைகளைப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே என் முன்மொழிவு: பிசுக்குத் தொட்டி.

> ‘எண்ணெய்ப் பிரிப்பான்’ துல்லியமாக இருக்குமே. பிசுக்கு என்றால் வெறும் அழுக்கு மாதிரி இருக்கிறது.

கொழும்பில் துல்லியமாக இருக்கலாம். தேங்காயெண்ணெய் சுமார் 24 பாகை செல்சியஸில் உறைவது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை அளவில்தான். கீழே தண்ணீராய் ஓடும் அதே எண்ணெய் இங்கே போத்தலுக்குள்ளேயே வெள்ளையாய்க் கட்டிப்போகிறது. காலையில் வடைக்குச் சட்டி வைக்குமுன் போத்தலை அடுப்போரம் வைத்து உருக்குகிறார்கள். அப்படியென்றால் குழாய்க்குள் என்ன கதி! தொட்டிக்கு வந்து சேருமுன்பே வளைவுகளில் ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் என்றால் ஓடுவது, கொழுப்பு என்றால் உறைந்தது என்று நம் மனதில் ஒரு பிரிவு இருக்கிறது. பிசுக்கு இரண்டுக்கும் பொது. தேங்காயெண்ணெயோ மாஜரினோ இறைச்சிக் கொழுப்போ, சட்டியில் விரல் வழுக்கினால் ‘பிசுக்கு இன்னும் போகலை’ என்றுதானே சொல்கிறோம்? அழுக்கு மாதிரி இருக்கிறதென்றால் இருக்கட்டும், அழுக்குதானே.

குழாய் அடைத்தால் கேத்தல் கேத்தலாகக் கொதிநீர் ஊற்றுவது இங்கே வழக்கம். உருகி ஓடும், சரி. கொஞ்சம் தள்ளிக் குளிர்ந்த இடத்தில் மறுபடி உறையும், அடைப்பு பக்கத்துக் கடைக்காரருடையதாகிவிடும். கழுவும் திரவத்தை அள்ளி ஊற்றினாலும் இதே கதைதான். எண்ணெய் பொடித்துளியாகச் சிதறி, மிதக்காமல் தண்ணீரோடு தப்பிவிடும். சுற்றுலாப் பயணிகள் குவியும் ஏப்ரல் சீசனில் கொத்து ரொட்டிக் கல் ஓயாமல் தட்டும் நாட்களில் இந்த இரண்டும் ஒன்றாக நடக்கும். நுவரெலியாத் தெருக் கானில் விட்டது நானு ஓயா, கொத்மலை ஓயா வழியாக மகாவலிக்குத்தான் போகிறது. உள்நாட்டு நீர்நிலைகளில் விடும் கழிவுநீரில் எண்ணெயும் கிறீஸும் லீற்றருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று 2008 வர்த்தமானி சொல்கிறது. பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து கேட்கும்போது முதலாளிக்கும் பையனுக்கும் ஒரே சொல் தெரிந்திருந்தால் நல்லது.

கூடவே சில சொற்கள். மேலே படிவது ஏடு, அதை எடுப்பது ஏடெடுத்தல், அடியில் தங்குவது கசடு. கட்டடத்துக்கு வெளியே புதைக்கும் பெரியதை ‘பிசுக்குக் கிடங்கு’ என்று எங்களூரில் தயங்காமல் சொல்வோம். தமிழ்நாட்டு நண்பர்களுக்குக் கிடங்கு என்றதும் அரிசி மூட்டை ஞாபகம் வரும், அவர்கள் ‘குழி’ என்று எழுதிக்கொள்ளட்டும். 2017இல் இலண்டன் வைட்சப்பல் சாக்கடையில் 250 மீற்றர் நீளத்துக்கு, 130 தொன் எடையில் ஒரு கொழுப்புக் கட்டி இறுகிக் கிடந்ததே, அதைப் பிசுக்கு என்றால் எடுபடாது. ‘கொழுப்புப் பாறை’ என்று அண்ணன் ஒருவர் போன வாரம் எழுதியதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

மிச்சம் இருப்பது ஒன்று. வெளிவாயிலிருந்து கீழே இறங்கி நடுத்தண்ணீரை மட்டும் எடுக்கும், ஆங்கில T எழுத்து வடிவக் குழாய்த் துண்டை மேசன் பாஸ்மார் (கொத்தனார்கள்) ‘டீ’ என்கிறார்கள். தேயிலைச் சீமையில் அதைப் பலகையில் எழுதிவைத்தால் யாராவது கோப்பையோடு வந்து நிற்பார்கள். வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.