விபத்தில் இறந்தவருக்கு "இயற்கை எய்தினார்" என்று போடலாமா?

ஃப்ளெக்ஸ் கடை:
நான் ஃப்ளெக்ஸ், நோட்டீஸ் அடிக்கிற கடை வைத்திருக்கிறேன். கண்ணீர் அஞ்சலிதான் எங்களுக்கு எப்போதும் அவசர வேலை. போட்டோவை வாட்ஸப்பில் தட்டிவிட்டு "வழக்கமான மேட்டரைப் போடுங்கண்ணே" என்பார்கள். வழக்கமான மேட்டர் என்று ஒன்று கிடையவே கிடையாது. சைவக் குடும்பம் என்றால் சிவபதவி, வைணவர் என்றால் வைகுண்ட பதவி, கிறிஸ்தவர் என்றால் கர்த்தருக்குள் நித்திரை, திராவிடர் கழகமோ கம்யூனிஸ்ட்டோ என்றால் இயற்கை எய்தினார், ஒன்றும் பிடிபடாவிட்டால் காலமானார். இதில் ஒன்று மாறினால் சாவு வீட்டிலேயே சண்டை.

போன வாரம் ஒரு தொழிற்சங்கத் தோழர் பைக்கில் போகும்போது லாரி மோதி இறந்துவிட்டார். சங்கத்துக்காரர்கள் சொன்னபடி "இயற்கை எய்தினார்" என்று டிசைன் முடித்து ப்ரிண்ட்டுக்குப் போகிற நேரத்தில் அவருடைய மச்சான் வந்துவிட்டார். "லாரி ஏறிச் செத்தவன் எப்படிய்யா இயற்கை எய்துவான்? நாளைக்கு இன்சூரன்ஸ்காரன் இதைப் போட்டோ பிடித்துக் கோர்ட்டில் காட்டினால் நீயா பதில் சொல்லுவே?" என்று கத்தினார். சங்கத்துக்காரர்கள் விடவில்லை. ஆக, இரண்டு கேள்வி. தமிழ்ப்படி அது சரியா? கேஸுக்கு அதனால் நிஜமாகவே ஏதும் ஆகுமா?

ஓய்வு வாத்தியார்:
தம்பி, முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன். போடலாம், ஒரு தப்பும் இல்லை. எய்துதல் என்றால் அடைதல். அந்தத் தொடர், ஆள் எப்படிச் செத்தார் என்பதைச் சொல்லவில்லை, எங்கே போய்ச் சேர்ந்தார் என்பதைத்தான் சொல்கிறது. "இறைவனடி சேர்ந்தார்" என்று எழுதும்போது லாரி மோதியவர் எப்படி இறைவனடி சேர முடியும் என்று மச்சான் கேட்பாரா? மாட்டார். கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள் அந்த இடத்தில் இயற்கையை வைத்தார்கள், அவ்வளவுதான். இங்கே இயற்கைக்கு எதிரி இறைவன், லாரி அல்ல.

மச்சான் நினைப்பது "இயற்கை மரணம்" என்பதை. அதில் இயற்கை சாவுக்கு அடைமொழி. இந்தச் சொல்லைப் பார்த்தால் நான் முதலில் தேடுவதே எதற்கு எதிராக நிற்கிறது என்பதைத்தான், ஏனென்றால் ஒவ்வொரு இடத்திலும் எதிரி வேறு ஆள். குறள் 637-ஐப் பாருங்கள்: "செயற்கை அறிந்தக் கடைத்தும் உலகத்து இயற்கை அறிந்து செயல்." இயற்கை, செயற்கை இரண்டும் ஒரே குறளில் நிற்கின்றன, ஆனால் காடும் இல்லை பிளாஸ்டிக்கும் இல்லை. செயற்கை என்பது நூல் படித்து அறிந்த வேலைமுறை, இயற்கை என்பது ஊர் உலகம் நடக்கிற நடப்பு. புத்தகத்தில் படித்ததை அப்படியே செய்யாதே, நிலவரத்தைப் பார் என்கிறார். 370-இல் "ஆரா இயற்கை அவா" என்று வரும். நிரம்பவே நிரம்பாத தன்மையுள்ள ஆசை என்று பொருள். அங்கேயும் மரம் செடி கொடி கிடையாது. மலை, அருவி, பறவை எல்லாவற்றையும் மொத்தமாக அள்ளி "இயற்கை" என்று போடுவது நமக்குப் பழகிவிட்டது, அதையே பழைய பாட்டிலும் தேடுகிறோம். தொல்காப்பியம் அதற்கு முதல் (நிலமும் பொழுதும்), கரு (அந்த நிலத்து மரம், விலங்கு, பறவை முதலியவை) என்று வேறு பெயர் வைத்திருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இது எனக்குப் பிடித்த இடம். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் "இயற்கைப் பொருளை இற்றெனக் கிளத்தல்", "செயற்கைப் பொருளை ஆக்கமொடு கூறல்" என்று அடுத்தடுத்து இரண்டு நூற்பா உண்டு. தானாக அமைந்ததை "இப்படி" என்று மட்டும் சொல்: நிலம் வலிது, நீர் தண்ணிது. ஒருவர் செய்து அப்படி ஆனதென்றால் "ஆயிற்று" சேர்: மண் குடம் ஆயிற்று. அந்த ஆக்கத்துக்குக் காரணமும் சொல்ல வேண்டும் என்பதற்கு உரைகளில் வருகிற எடுத்துக்காட்டு என்ன தெரியுமா? "எருப்பெய்து இளங்களை கட்டு நீர்கால் யாத்தமையால் பைங்கூழ் நல்லவாயின." எரு போட்டு, களை எடுத்து, தண்ணீர் கட்டியதால் பயிர் நன்றாக ஆனது. அதாவது பழைய இலக்கணக்காரர் கணக்கில் வயல் செயற்கை! இதைப் படிக்கிற இயற்கை விவசாயிகள் என்மேல் கோபப்பட வேண்டாம்.

கோர்ட்டு வாசல்:
இரண்டாவது கேள்வி என் பக்கம். வக்கீல் ஆபீஸில் பல வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன். ஃப்ளெக்ஸைப் பார்த்து மோட்டார் விபத்துத் தீர்ப்பாயம் இழப்பீடு கொடுப்பதும் இல்லை, மறுப்பதும் இல்லை. எஃப்.ஐ.ஆர்., போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட், வண்டியின் இன்சூரன்ஸ், இறந்தவரின் வருமானச் சான்று, இவைதான் பேசும். மச்சானிடம் சொல்லுங்கள், போஸ்டரை விட்டுவிட்டு எஃப்.ஐ.ஆரில் வண்டி நம்பர் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கட்டும். அதில் ஓர் எழுத்து தப்பினால்தான் அலைச்சல்.

ஆனால் அவர் பயத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது, ஏனென்றால் கவர்மெண்ட் தாளில் இந்தச் சொல் ரொம்பக் கறாரானது. ஆஸ்பத்திரியில் டாக்டர் நிரப்புகிற இறப்புக் காரணச் சான்றில் சாவின் வகை என்று ஒரு வரி இருக்கும்: இயற்கை, விபத்து, தற்கொலை, கொலை, விசாரணையில் உள்ளது. அங்கே இயற்கை என்றால் நோயும் முதுமையும் மட்டும்தான். சின்ன வயதில் புற்றுநோயில் போனாலும் அது இயற்கை மரணம். வயலில் பாம்பு கடித்துப் போனால்? பாம்பைவிட இயற்கையானது என்ன இருக்கிறது? ஆனால் போலீஸ் கணக்கில் அது இயற்கைக்கு மாறான மரணம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-ஆம் பிரிவிலேயே விலங்கு, இயந்திரம், விபத்து என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள். இப்போது அதன் இடத்தில் வந்த புதுச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இல் அது 194. எங்கள் ஆபீஸில் இன்னும் வாயில் 174 என்றுதான் வருகிறது.

இந்தச் சொல் சும்மா வார்த்தை விளையாட்டு என்று யாரும் நினைக்க வேண்டாம், இதை வைத்து ஆளை உள்ளே தள்ளியிருக்கிறார்கள். 1860-இல் வெள்ளைக்காரன் எழுதிய தண்டனைச் சட்டத்தில் 377-ஆம் பிரிவு, "இயற்கை ஒழுங்குக்கு மாறாக" உடலுறவு கொண்டால் ஆயுள் தண்டனை வரை போகலாம் என்றது. எது அந்த ஒழுங்கு என்று சட்டத்தில் விளக்கமே கிடையாது. வயதுவந்த இருவர் சம்மதத்தோடு இருப்பது குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2018 செப்டம்பர் 6-இல். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஒரு சொல் ஆட்களை மிரட்டிக்கொண்டிருந்தது. 2024 ஜூலையில் வந்த புதுத் தண்டனைச் சட்டத்தில் அந்தப் பிரிவே இல்லை.

இன்னொரு பக்கம் "இயற்கை நீதி" என்று தினமும் மனுவில் எழுதுகிறோம். எதிர்த்தரப்பைக் கேட்காமல் தண்டிக்காதே, உன் வழக்குக்கு நீயே நீதிபதியாக இருக்காதே என்பதுதான் அது. காட்டில் எந்தப் புலி மானிடம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்புகிறது என்று எங்கள் சீனியர் கேட்பார். நியாயமான கேள்வி.

மரச்செக்கு:
வாத்தியார் ஐயா, கோபமெல்லாம் இல்லை. ஆனால் நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகப் போய் இயற்கை வேளாண்மை என்று பேசியபோது வயல் தானாக முளைக்கும் என்று அவர் சொல்லவில்லையே. யூரியாவும் பூச்சிமருந்தும் வேண்டாம் என்றார். உங்கள் கணக்குப்படியே பார்த்தால் அங்கே எதிரி ரசாயனம், மனுஷன் கை இல்லை.

என் தலைவலி வேறு. கடைக்கு வருகிறவர்கள் பாட்டிலைக் கையில் எடுத்ததும் "இது இயற்கையா?" என்பார்கள். செக்கில் ஆட்டியதா என்று கேட்கிறாரா, கடலை மருந்தடிக்காமல் விளைந்ததா என்று கேட்கிறாரா, கலப்படம் இல்லையே என்று கேட்கிறாரா? மூன்றும் வேறு வேறு. மருந்தடித்த கடலையையும் மரச்செக்கில் ஆட்டலாம், எண்ணெய் ஜோராகத்தான் வரும். மருந்தடிக்காததற்கு அரசாங்கம் வைத்திருக்கிற பெயர் "அங்கக". 2023-இல் அங்கக வேளாண்மைக் கொள்கையே வந்தது, கோயம்புத்தூரில் அங்ககச் சான்று கொடுக்கிற துறையும் இருக்கிறது. ஆனால் போர்டில் அங்கக எண்ணெய் என்று எழுதினால் ஒருத்தரும் உள்ளே வர மாட்டார்கள். இயற்கை என்று எழுதினால் வருகிறார்கள்.

அந்தச் சொல்லையும் இஷ்டத்துக்கு எழுத முடியாது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் போட்ட விளம்பர விதிகளில், "நேச்சுரல்" என்று சொல்ல வேண்டுமானால் பொருள் ஒன்றாக இருக்க வேண்டும், வேறு எதுவும் சேர்க்கக் கூடாது, சாப்பிடத் தகுந்ததாக ஆக்குகிற அளவுக்குத்தான் பக்குவம் செய்யலாம் என்று இருக்கிறது. இப்போது நான் எள் ஆட்டும்போது கருப்பட்டி போடுகிறேன். அது போடாவிட்டால் எள் மாவு இறுகாமல் செக்குக்குள்ளேயே வழுக்கிக்கொண்டு சுற்றும், எண்ணெய் சரியாகப் பிரியாது. காலங்காலமாக எல்லோரும் போடுவதுதான். ஆனால் "எதுவும் சேர்க்கக் கூடாது" என்பதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டால் என் நல்லெண்ணெய் நேச்சுரலா இல்லையா? இதற்குப் பயந்துகொண்டே லேபிளில் "மரச்செக்கு எண்ணெய்" என்பதோடு நிறுத்திவிட்டேன்.

பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், பொடி எழுத்தில் "நேச்சர் ஐடென்டிகல்" என்று இருக்கும். அது இயற்கை இல்லை, இயற்கையில் இருக்கிற அதே மூலக்கூறைத் தொழிற்சாலையில் செய்தது. வெனிலா வாசனை தருகிற வெனிலின் அப்படித்தான். காயிலிருந்து வந்தாலும் ஆலையிலிருந்து வந்தாலும் மூலக்கூறு ஒன்றே. அதனால் கெடுதல் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒட்டுச்சொல்லைப் போட்டுவிட்டு முன்பக்கத்தில் பெரிதாகப் பூ படம் போடுகிறார்கள் பாருங்கள், அதுதான் எரிச்சல்.

ஃப்ளெக்ஸ் கடை:
எல்லோருக்கும் நன்றி. சங்கத்து பேனரில் இயற்கை எய்தினார், குடும்பத்து பேனரில் "விபத்தில் மறைந்தார்" என்று தனித்தனியாக அடித்துக் கொடுத்துவிட்டேன். வாத்தியார் சொன்னதை மச்சானிடம் படித்துக் காட்டினேன், "அப்படியென்றால் சரி" என்று போய்விட்டார். ஒரு சந்தேகம்: கணக்குப் புத்தகத்தில் இயல் எண் என்று வருமே, அதுவும் இதே குடும்பமா?

ஓய்வு வாத்தியார்:
அதே குடும்பம்தான். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணும்போது இயல்பாக வருகிற எண்கள். இயற்பெயர், இயல்பு, "என்னால் இயலாது", எல்லாம் ஒரே வேர். வேடிக்கை என்னவென்றால் "சட்டம் இயற்றினார்கள்" என்பதும் அதே வேர்தான். தானாக நடப்பது இயல்வது, நடக்கச் செய்வது இயற்றுவது.

அகத்திணை:
தாமதமாக வருகிறேன். வாத்தியார் ஐயா, இயற்கைக்கு எதிரி இறைவன் என்று ஒரே போடாகப் போட்டுவிட்டீர்கள். களவியலில், அதாவது ஊருக்குத் தெரியாத காதலைப் பற்றிய இலக்கணத்தில், தலைவனும் தலைவியும் முதன்முதலில் எதிர்ப்பட்டுக் கூடுவதற்கு இயற்கைப் புணர்ச்சி என்று பெயர். இறையனார் அகப்பொருள் உரையில் அதற்கே தெய்வப் புணர்ச்சி என்றும் பெயர் சொல்லியிருக்கிறது. இரண்டும் ஒன்றே என்கிறார்கள். அப்புறம் எப்படி எதிரி?

ஓய்வு வாத்தியார்:
அது போஸ்டர் தமிழுக்குச் சொன்னது ஐயா. களவியலில் எதிரி வேறு ஆள். பிறகு வருகிற கூட்டங்களைப் பாருங்கள்: பாங்கற் கூட்டம், பாங்கியிற் கூட்டம். தோழன் போய்ப் பார்த்துவிட்டு வந்து அனுப்பிவைப்பான், தோழி இடம் குறித்துக் கொடுப்பாள். முதல் சந்திப்பில் நடுவில் ஆள் கிடையாது, யாரும் ஏற்பாடு பண்ணவில்லை. மனிதர் யாரும் ஏற்பாடு பண்ணாததை ஒருவர் இயற்கை என்பார், இன்னொருவர் தெய்வம் கூட்டிவைத்தது என்பார். இரண்டு பேரும் அங்கே ஒதுக்கி வைப்பது தரகரைத்தான்.