லைசோசைம் போட்டும் செல் உடையவே மாட்டேங்குது, அவசரம்!

தூங்காதவன்: பாக்டீரியாவை உடைச்சு டி.என்.ஏ. எடுக்கணும், காலையிலிருந்து மூணு தடவை செஞ்சாச்சு. செல்சுவரை வெட்டுற என்சைம் லைசோசைம் 10 மி.கி./மி.லி., 37 டிகிரி, ஒரு மணி நேரம். டியூப் அப்படியே பால் மாதிரி கலங்கலா நிக்குது. சோப்பு மாதிரியான எஸ்.டி.எஸ். விட்டாலும் கொழகொழப்பு வரல. டி.என்.ஏ. சுத்தமா இல்ல. சீனியர் கொடுத்த புரோட்டோகால், அவருக்கு எப்பவும் வருமாம். நாளைக்கு ரிசல்ட் காட்டணும், யாராவது சொல்லுங்க.

பெட்ரித்தட்டு: எந்த பாக்டீரியா? எந்த பஃபர்? என்சைம் எப்போ கரைச்சது?

உப்புக்கரைசல்: உலோக அயனிகளைப் பிடிச்சுக்கிற ஈ.டி.டி.ஏ. போட்டீங்களா? பத்துக்கு ஒன்பது கேஸ் அதுதான். சில பாக்டீரியாவுக்குச் சுவருக்கு வெளியே இருக்கிற வெளிச்சவ்வைப் பிடிச்சு வச்சிருக்கிறது மெக்னீசியமும் கால்சியமும். அதை உருவினாத்தான் லைசோசைம் உள்ளே போகும்.

நுண்ணோக்கி: என் சந்தேகம் என்சைம் மேல. லைசோசைமுக்குச் சுலபமா உடையற மைக்ரோகாக்கஸ் பாக்டீரியா கலந்த நீர் கொஞ்சம் எடுத்து அதுல ஒரு துளி விட்டுப் பாருங்க. நல்ல என்சைம்னா சில நிமிஷத்துல தெளிய ஆரம்பிக்கும். ஸ்பெக்ட்ரோ இருந்தா 450 நானோமீட்டர்ல கலங்கல் இறங்குறதையும் பாக்கலாம்.

பழைய பெஞ்ச்: எந்த உயிரி என்றே சொல்லாமல் ‘உடையவில்லை’ என்று கேட்பது, எந்த வீட்டுப் பூட்டு என்று சொல்லாமல் சாவி கேட்பது மாதிரி. லைசோசைம் எதை வெட்டுகிறது என்று தம்பி படித்தாரா? செல்சுவரில் உள்ள ‘நாம்’ (NAM), ‘நாக்’ (NAG) என்ற இரண்டு சர்க்கரைகளுக்கு நடுவே இருக்கும் பீட்டா 1,4 பிணைப்பை. லைசோசைமைக் கண்டுபிடித்த ஃபிளெமிங் 1922லேயே எழுதிவிட்டார். இழையைத் திறப்பதற்கு முன் பாடப்புத்தகத்தைத் திறக்கலாம்.

அரைவேக்காடு: அந்தப் பிணைப்பு விவரமெல்லாம் ஃபிளெமிங் எழுதலீங்க, அது பின்னாடி வந்தது. அவர் மூக்குச் சளியைத் தட்டுல விட்டுப் பாத்தார், பாக்டீரியா கரைஞ்சுது. 1922 பேப்பர்ல இருக்கறது அதுதான்.

பழைய பெஞ்ச்: நான் சொன்னது கண்டுபிடிப்பை. சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம்.

அரைவேக்காடு: ‘எழுதிவிட்டார்’னு நீங்கதான் போட்டிருக்கீங்க. லைசோசைமோட வடிவமே 1965லதான் தெரிஞ்சுது, ஃபிலிப்ஸ் குழு எக்ஸ்-ரே வச்சு எடுத்தது.

பெட்ரித்தட்டு: அதை வேற இழையில வச்சுக்கலாமா? @தூங்காதவன், உயிரி?

தூங்காதவன்: மன்னிக்கணும், சென்ட்ரிஃபியூஜ்ல இருந்தேன். ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் (ஸ்டாஃப்). சீனியர் செஞ்சது பேசிலஸ் சப்டிலிஸ். ரெண்டும் தடிச்ச செல்சுவர் உள்ள கிராம் பாசிட்டிவ் வகைதானேன்னு அப்படியே எடுத்துட்டேன்.

பெட்ரித்தட்டு: அங்கதான் மாட்டிக்கிட்டீங்க. ஆரியஸ் தன் ‘நாம்’ சர்க்கரையில ஒரு அசிட்டைல் தொங்கலை மாட்டி வச்சிருக்கும். லைசோசைம் அதைப் பிடிச்சு வெட்ட முடியாது. ஒரு மணி நேரம் இல்ல, ராத்திரி முழுக்க வச்சாலும் பெரிசா மாறாது. உங்களுக்கு வேண்டியது லைசோஸ்டாஃபின்ங்கிற வேற என்சைம். அது சர்க்கரைச் சங்கிலியைத் தொடாது. சங்கிலிகளைக் குறுக்கே கட்டியிருக்கிற அஞ்சு கிளைசின் பாலத்தை அறுக்கும். அதைச் சுரக்கிறதும் ஒரு ஸ்டாஃப்தான், சிமுலன்ஸ். தன் பாலத்துல மட்டும் நடுநடுவே செரைனை நுழைச்சுக்கிட்டுத் தப்பிக்கும், கில்லாடி.

உப்புக்கரைசல்: அதோட ஈ.டி.டி.ஏ.வும் சேர்த்துக்குங்க.

நுண்ணோக்கி: ஆரியஸுக்கு வெளிச்சவ்வே கிடையாது, அப்புறம் எதை உருவப் போறீங்க? லைசோஸ்டாஃபின் துத்தநாகம் வச்சு வேலை செய்யற என்சைம் வேற. ஈ.டி.டி.ஏ. அந்தத் துத்தநாகத்தையும் பிடுங்கிடப் போகுது.

உப்புக்கரைசல்: 50 மில்லிமோலார் ஈ.டி.டி.ஏ.விலேயே லைசோஸ்டாஃபின் போட்டு டி.என்.ஏ. எடுக்கிற புரோட்டோகால் இருக்கு. நானே செஞ்சிருக்கேன், வந்துது. துத்தநாகம் அவ்வளவு லேசுல கழண்டு வராது. வெளியே வர்ற டி.என்.ஏ.வை, அதை வெட்டுற நியூக்ளியேஸ் என்சைம் தின்னாமக் காப்பாத்தவும் ஈ.டி.டி.ஏ. வேணும்.

நுண்ணோக்கி: சரி, நியூக்ளியேஸ் விஷயத்துல நீங்க சொல்றது நியாயம். ஆனா மொதல்ல சொன்ன வெளிச்சவ்வுக் கதை வேற.

உப்புக்கரைசல்: மொதல்ல உயிரியே தெரியாதே!

பழைய பெஞ்ச்: மியூட்டனோலைசின் என்ற இன்னொரு என்சைமும் இருக்கிறது, அசிட்டைல் இருந்தாலும் வெட்டும். யாரும் சொல்லவில்லையே என்று பார்த்தேன்.

தூங்காதவன்: பக்கத்து லேப்ல லைசோஸ்டாஃபின் கெடைச்சுது. 37ல அரை மணி நேரம், எஸ்.டி.எஸ். விட்டதும் பிப்பெட் டிப்ல டி.என்.ஏ. நூல் மாதிரி இழுத்துது. ஜெல்ல பேண்டும் இருக்கு. எல்லாருக்கும் நன்றி, தூங்கப் போறேன்.

பெட்ரித்தட்டு: எவ்வளவு போட்டீங்க, ஈ.டி.டி.ஏ.வோடயா இல்லாமலா? எழுதிட்டுப் போங்க, அடுத்து வர்றவங்களுக்கு ஆகும்.

உப்புக்கரைசல்: நானும் அதுக்குத்தான் காத்திருக்கேன்.