எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆறாம் பாகம்: எதை எதிர்பார்ப்பது நியாயம்?

மணற்கடிகாரம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 2018 ஜூன் மாதம் இ3 விளையாட்டுக் கண்காட்சியில், எல்டர் ஸ்க்ரோல்ஸ் கணினி ஆட்டத் தொடரின் ஆறாம் பாகத்தை அறிவிக்கும் அந்த அரை நிமிடக் காணொளி வெளியானபோது நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். மூடுபனியும் மலைகளும் ஒரு கடற்கரையும் கடந்துபோக, பழகிய இசையோடு தலைப்பு மட்டும் வந்து நின்றது. கதை எந்த நாட்டில் நடக்கிறது என்று ஒரு சொல்கூட இல்லை. அதன்பின் படிப்பை முடித்து வேலைக்குச் சேர்ந்து இரண்டு கணினிகளையும் மாற்றிவிட்டேன். ஆட்டம் இன்னும் வந்தபாடில்லை. மாரோவிண்ட் 2002, ஆப்ளிவியன் 2006, ஸ்கைரிம் 2011 என்று நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒன்றாக வந்துகொண்டிருந்த தொடர் இது. ஸ்கைரிமுக்குப் பிறகு, இதை உருவாக்கும் பெதஸ்டா நிறுவனம் ஃபால்அவுட் 4, ஃபால்அவுட் 76, ஸ்டார்ஃபீல்ட் என்று வேறு உலகங்களுக்குப் போய்விட்டது.

என் கேள்வி வெளியீட்டு நாளைப் பற்றியதன்று. நான் இந்தத் தொடருக்குள் ஸ்கைரிம் வழியாக நுழைந்தவன். 2025 ஏப்ரல் 22 அன்று ஆப்ளிவியனின் மறுவார்ப்பை அறிவித்த அன்றே விற்பனைக்கும் விட்டார்கள் அல்லவா, அப்போதுதான் அந்தப் பாகத்தை முதன்முதலாக விளையாடினேன். மந்திரப் பல்கலைக்கழகத்தின் பீடத்தின் முன் நின்று, பல விளைவுகளைக் கலந்து, அவற்றின் வலிமையையும் நேரத்தையும் நானே அளந்து, சொந்தமாக ஒரு மந்திரத்தைச் செய்து அதற்கு ஒரு பெயரும் இட்டபோது, இப்படி ஒன்று இருந்ததையே அறியாமல் ஸ்கைரிமில் பல நூறு மணி நேரத்தைக் கழித்திருக்கிறேனே என்று தோன்றியது. பிறகுதான் தேடிப் பார்த்தேன். தொடரின் இரண்டாம் பாகமான டேகர்ஃபாலில் 35 திறன்கள் இருந்தன. மாரோவிண்டில் 27, ஆப்ளிவியனில் 21, ஸ்கைரிமில் 18. வலிமை, அறிவு, விரைவு முதலான எட்டு அடிப்படைப் பண்புகளும் ஸ்கைரிமில் முற்றிலுமாக நீக்கப்பட்டு, உயிர், மந்திர ஆற்றல், உடல்திறன் ஆகிய மூன்று மட்டும் மிஞ்சின.

ஆறாம் பாகத்தில் இவையெல்லாம் திரும்ப வர வேண்டும் என்று நாம் கேட்கலாமா? அல்லது ஸ்கைரிம் ஆறு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற பிறகு அப்படிக் கேட்பது பழைய நினைவில் ஊறியவர்களின் பிடிவாதம் மட்டும்தானா? மாரோவிண்ட் காலத்திலிருந்தே விளையாடும் பெரியவர்கள் இங்கே இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன்.

பழைய_சாலை எழுதியது:

மணற்கடிகாரம் அவர்களே, "பெரியவர்கள்" என்று சொல்லி என் நரையை நினைவூட்டிவிட்டீர்கள், பரவாயில்லை. நீங்கள் தந்த எண்கள் சரியானவை. ஆனால் அந்த எண்களைப் பிடித்துக்கொண்டு வாதாடினால் நம் பக்கம் தோற்றுவிடும் என்பது என் கருத்து. டேகர்ஃபாலின் 35 திறன்களில் அரக்கர், பூதங்கள், தேவதைகள் ஆகியோரின் மொழிகளுக்கென்றே தனித்தனித் திறன்கள் இருந்தன. அவற்றை நீக்கியதற்காக யாரும் கண்ணீர் விட்டதாக எனக்கு நினைவில்லை.

இழந்தது எது என்று காட்ட ஓர் இடத்தைச் சொல்கிறேன். மாரோவிண்டில் கப்பலிலிருந்து இறக்கிவிடப்பட்டு, சீடா நீன் என்னும் சிற்றூரை விட்டு வெளியேறிச் சாலையில் கொஞ்ச தூரம் நடந்தால், வானத்திலிருந்து அலறிக்கொண்டே ஒருவன் விழுந்து உங்கள் கண்முன்னால் இறந்துபோவான். அவன் பெயர் டார்ஹியெல். அவனிடம் ஒரு குறிப்பேடும், தாவும் திறனை ஏழு நொடிகளுக்கு ஆயிரம் புள்ளி உயர்த்தும் மூன்று சுருள்களும் இருக்கும். ஒன்றைப் படித்துவிட்டுக் குதித்தால் தீவின் பாதியைத் தாண்டிப் பறப்பீர்கள். தரையிறங்கும்போது அவனைப் போலவே நீங்களும் சாவீர்கள், விழுவதற்குச் சற்று முன்பாக இரண்டாம் சுருளைப் படிக்க வேண்டும் என்பதைக் கண்டுபிடிக்கும் வரையில். ஆட்டம் இதைப் பற்றி உங்களுக்கு எந்தப் பாடமும் எடுப்பதில்லை. யாரும் தடுப்பதும் இல்லை.

இதே மனப்பாங்குதான் அந்தப் பாகம் முழுவதிலும் ஓடியது. டெல்வானி மந்திரவாதிகள் காளான் கோபுரங்களில் குடியிருப்பார்கள். அவற்றுள் மேலே போகப் படிக்கட்டே இருக்காது. பறக்கத் தெரியாதவன் எங்களைப் பார்க்க வர வேண்டியதில்லை என்பது அவர்கள் எண்ணம். மூன்று பெருங்குடிகளில் ஒன்றில் சேர்ந்தால் மற்ற இரண்டும் உங்களுக்கு இல்லை. மந்திரவாதிகள் சங்கத்தில் பதவி உயர வேண்டுமானால் அதற்குரிய திறன்களும் பண்புகளும் உங்களிடம் உண்மையிலேயே வளர்ந்திருக்க வேண்டும். ஸ்கைரிமின் வின்டர்ஹோல்ட் கல்லூரியிலோ, வாயிலில் நிற்கும் ஃபரால்டா கேட்கும் ஒரே ஒரு மந்திரத்தைச் செய்து காட்டி உள்ளே நுழைந்த என் கோடரிக்காரன், பிறகு பெரும்பாலும் கோடரியையே வீசிக் கல்லூரியின் தலைவனாகவும் ஆகிவிட்டான். அங்கே படித்துக்கொண்டிருந்த மாணவர்கள் என்ன நினைத்திருப்பார்களோ!

கதைக்கு இன்றியமையாத ஒருவரை மாரோவிண்டில் கொன்றுவிட்டால், ஊழின் இழை அறுந்துவிட்டது, பழைய சேமிப்புக்குத் திரும்புங்கள் அல்லது நீங்கள் கெடுத்த உலகிலேயே தொடருங்கள் என்ற பொருள்பட ஓர் அறிவிப்பு வரும். தொடர்ந்தாலும் கதையை முடிக்க ஒரு பின்வாசலை வைத்திருந்தார்கள். ஆப்ளிவியன் முதற்கொண்டு அத்தகையவர்கள் வெட்டுப்பட்டதும் மண்டியிட்டு அல்லது மயங்கி விழுந்து, சற்று நேரத்தில் எழுந்து தூசியைத் தட்டிக்கொள்கிறார்கள்.

ஆகவே எட்டுப் பண்புகளும் வராவிட்டாலும் நான் குறை சொல்ல மாட்டேன். நான் செய்ததை இந்த உலகம் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும், நான் செய்யாததற்கு எனக்குப் பட்டம் சூட்டக் கூடாது. மந்திரம் செய்யும் பீடம் மட்டும் விதிவிலக்கு. அதை நான் கேட்டே தீருவேன்.

கதவோரம் எழுதியது:

பழைய_சாலை ஐயா சொல்வதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனாலும் பழைய பாகங்களின் குறைகளை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம். ஆப்ளிவியனில் நாம் வளர வளர உலகமே நம்மோடு சேர்ந்து வளரும். அதன் விளைவாக, நாட்டிலேயே அரிதான கண்ணாடிக் கவசத்தைத் தலை முதல் கால் வரை பூண்ட வழிப்பறிக்காரன் ஒருவன் குறுக்கே வந்து நூறு பொற்காசு கொடு என்று மிரட்டுவான். அந்தக் கவசத்தை விற்றிருந்தால் அவன் ஓய்வுபெற்றிருக்கலாம்.

நான் ஸ்கைரிமுக்கு மோட்கள், அதாவது ஆட்டத்தை மாற்றியமைக்கும் சேர்க்கைகள், செய்து பழகியவன் என்பதால், ஏன் சில பொருள்கள் நீக்கப்பட்டன என்பதைக் கொஞ்சம் உள்ளேயிருந்து பார்க்க முடிகிறது. பறக்கும் மந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாரோவிண்டின் பெரும்பாலான ஊர்கள் வெளியுலகத்தோடு ஒட்டியே இருந்தன. ஆப்ளிவியனில் ஒவ்வொரு நகரமும் மதில் சூழ்ந்த தனி அறை. வாயிலைத் திறந்தால் லோடிங் திரை வந்துதான் உள்ளே விடும். மதிலுக்கு மேலே பறந்து உள்ளே எட்டிப் பார்த்தால் அங்கே உண்மையான நகரம் இருக்காது. எனவே பறப்பதைத் தடைசெய்யும் சட்டம் ஒன்று கதையிலேயே இயற்றப்பட்டது. அரசாங்கச் சட்டத்தால் ஒரு கணினிச் சிக்கலைத் தீர்த்த பெருமை அந்தத் தொடருக்கு உண்டு.

வழிகாட்டும் அம்புக்குறியின் கதையும் அப்படித்தான். மாரோவிண்டில் உரையாடல்கள் பெரும்பாலும் எழுத்தில் இருந்ததால், பாலத்தைக் கடந்து இடப்பக்கம் திரும்பி மலையடிவாரம் வரை போ என்று ஒரு பத்தி நீளத்துக்கு வழி சொல்ல முடிந்தது. அவ்வழியே போய் ஆர்க்ங்தாண்ட் இடிபாட்டில் ஒரு சிறிய புதிர்ப் பெட்டியைத் தேடித் தேடிக் களைத்தவர்களை நானறிவேன். அவர்களில் நானும் ஒருவன். ஆப்ளிவியன் முழுவதும் குரல் பதிவுக்கு மாறிய பிறகு, ஒவ்வொரு வழிக்குறிப்பையும் நடிகர் பேசியாக வேண்டும். இடம் மாறினால் பதிவையும் மாற்றியாக வேண்டும். அம்புக்குறி மலிவான தீர்வு. ஸ்கைரிமில் அதை அணைத்து வைத்து விளையாடிப் பாருங்கள்: போக வேண்டிய இடத்தை யாருமே சொல்லியிருக்க மாட்டார்கள். அம்புக்குறி இருக்கட்டும், அதை அணைத்தாலும் விளையாட முடியும்படி நாட்குறிப்பில் நான்கு வரிகள் எழுதுங்கள் என்பது என்னுடைய கோரிக்கை. மோட் செய்யும் ஆர்வலர்கள் தம் ஓய்வு நேரத்தில் ஏற்கெனவே அதைச் செய்து காட்டியிருக்கிறார்கள்.

ஆட்டத்தை இயக்கும் அடிப்படை மென்பொருளான எஞ்சினைத் தூக்கி எறிய வேண்டும் என்று பலரும் எழுதுவதை மட்டும் நான் ஏற்கவில்லை. ஒரு மேசையின் மேலிருந்த பாலாடைக்கட்டியை எடுத்துத் தரையில் வைத்துவிட்டுப் போய், நாற்பது மணி நேரம் கழித்து வீட்டுக்குத் திரும்பினாலும் அது வைத்த இடத்திலேயே கிடக்கும். வேறு பெரிய ஆட்டங்களில் இதைக் காண்பது அரிது. இந்தப் பிடிவாதமான நினைவாற்றலும், 2012 பிப்ரவரியில் மோட்கள் செய்வதற்காக அவர்கள் இலவசமாகத் தந்த கிரியேஷன் கிட் கருவியும் சேர்ந்துதான் ஸ்கைரிமை இத்தனை ஆண்டுகள் உயிரோடு வைத்திருக்கின்றன. ஆப்ளிவியன் மறுவார்ப்பில்கூட, மேலே தெரியும் காட்சியை அன்ரியல் எஞ்சின் 5 வரைய, உள்ளே ஆட்டத்தை நடத்துவது பழைய எஞ்சின்தான். ஆறாம் பாகமும் ஸ்டார்ஃபீல்டுக்காகப் புதுப்பித்த கிரியேஷன் எஞ்சினின் வழியிலேயே எழுகிறது. ஸ்டார்ஃபீல்டில் கதவுக்குக் கதவு லோடிங் திரை வந்ததை நினைக்கும்போது, நகர வாயில்களாவது திறந்தே இருக்க வேண்டும் என்பது பேராசையாகாது. மோட்களுக்கும் ஒன்று கேட்பேன். 2015 ஏப்ரலில் ஸ்டீம் என்ற இணையக் கடையில் மோட்களை விலைக்கு விற்கும் திட்டத்தைத் தொடங்கி, எதிர்ப்பைக் கண்டு சில நாள்களிலேயே திரும்பப் பெற்றார்கள். பிறகு வேறு பெயர்களில் அது மெல்லத் திரும்பி வந்தது. விற்பதை விற்கட்டும், இலவசமாகச் செய்பவர்களின் உழைப்பை ஒவ்வொரு புதுப்பிப்பிலும் உடைக்காமல் இருந்தால் போதும்.

ஆற_அமர எழுதியது:

நீங்கள் மூவரும் கட்டப்படாத வீட்டுக்குச் சுண்ணாம்பின் நிறத்தைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். ஆட்டம் முன்தயாரிப்பைத் தாண்டித் தொடக்கநிலை உருவாக்கத்துக்கு வந்துவிட்டது என்று அந்த நிறுவனம் சொன்னதே 2023 ஆகஸ்டில்தான். தொடக்க வடிவங்களை விளையாடிப் பார்க்கிறோம் என்று சொன்னது 2024 மார்ச்சில், தொடரின் முப்பதாம் ஆண்டு நிறைவின்போது. அப்படியானால் 2018இல் நாம் பார்த்தது ஒரு பெயர்ப்பலகையை. பெயர்ப்பலகையின் கீழே இத்தனை ஆண்டுகள் நிற்பவர்களின் மனத்தில் வளர்ந்துவிடும் ஆட்டத்தோடு எந்தக் குழுவாலும் போட்டியிட முடியாது. நானும் அங்கே நிற்பவன்தான். ஒரு நாற்காலி போட்டுக்கொண்டேன், அவ்வளவே.

ஏழாம்_மணல்மேடு எழுதியது:

நாற்காலியை இந்தப் பக்கமும் கொஞ்சம் திருப்புங்கள், நண்பரே. விதிமுறைகளைப் பற்றியே எல்லோரும் எழுதியிருக்கிறீர்கள். களத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை. அந்தக் காணொளியின் நிலப்பரப்பை வைத்துப் பெரும்பாலோர் அது தொடரின் பாலைவன நாடான ஹேமர்ஃபெல் என்று ஊகிக்கிறார்கள். நிறுவனம் அதை உறுதிப்படுத்தவில்லை என்றாலும், அது உண்மையானால் பழைய_சாலை ஐயா கேட்பது தானாகவே கிடைக்க வழியுண்டு என்று நினைக்கிறேன்.

ஸ்கைரிமில் எத்தனை பழங்கல்லறைகளுக்குள் புகுந்து நடமாடும் பிணங்களான டிராகர்களில் எத்தனை பேரை வெட்டினோம் என்று யாராவது எண்ணியிருப்போமா? அவர்கள் அந்த மண்ணின் முன்னோர் என்ற எண்ணமே நமக்கு எழவில்லை. ஹேமர்ஃபெல்லின் ரெட்கார்ட் மக்களுக்கோ இறந்தவரின் உடல் புனிதமானது. எழுந்து நடந்து வந்து தாக்கினாலும் மூதாதையர் மேல் வாளை ஓங்கக் கூடாது என்பது அவர்கள் மரபு. எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைனில் இந்த வேலையைச் செய்வதற்கென்றே ஆஷாபா என்ற ஒரு குலம் இருக்கிறது. ஊரைக் காப்பவர்கள் அவர்கள். ஆனால் தீட்டுப்பட்டவர்கள் என்று ஊருக்குள் அவர்களைச் சேர்ப்பதில்லை. இதை அலங்காரமாக வைக்காமல் விதியாகவே வைத்தால், ஒவ்வொரு கல்லறையின் வாசலிலும் நாம் ஒரு நிமிடம் தயங்குவோம்: உள்ளே புகுந்து வாளை உருவினால் நாளை சந்தையில் எவரும் நமக்குத் தண்ணீர் தர மாட்டார்கள். மந்திரத்தையும் அந்நாட்டு மக்கள் ஐயத்தோடுதான் பார்ப்பவர்கள். நீங்கள் பீடத்தில் செய்துகொண்ட மந்திரத்தை நடுத்தெருவில் செலுத்துவதற்கு அங்கே ஒரு விலை இருக்கும்.

அரசியலும் ஆறிய பழங்கதையன்று. பேரரசு தன் எதிரியான எல்ஃப்களின் ஆல்ட்மெரி டொமினியனோடு உடன்படிக்கை செய்து ஹேமர்ஃபெல்லின் தென்பகுதியை விட்டுக்கொடுக்க, ஹேமர்ஃபெல் அதை ஏற்க மறுத்துத் தனியே போரிட்டு எதிரியைப் பின்வாங்க வைத்தது. அந்தப் போரின் ஒரு துளி ஸ்கைரிமிலேயே சிந்திக் கிடக்கிறது. வைட்ரன் நகரின் விடுதியில் பரிமாறும் சாடியா, டொமினியனை எதிர்த்துப் பேசியதால் கொலைகாரர்கள் தன்னைத் துரத்துவதாகச் சொல்வாள். துரத்தி வந்த கெமாட்டுவோ, டானெத் நகரை எதிரிக்குக் காட்டிக்கொடுத்தவளே இவள்தான் என்பான். யார் சொல்வது உண்மை என்று ஆட்டம் கடைசி வரை சொல்வதில்லை. எந்தத் தேர்வுக்கும் பாராட்டும் இல்லை. ஒரு சிறிய பணியில் இதைச் செய்யத் தெரிந்தவர்களிடம் ஒரு நாடு முழுவதும் இதைச் செய்யுங்கள் என்று கேட்கிறேன்.

ஓர் அச்சமும் உண்டு. ஹேமர்ஃபெல்லின் வடகரையையும் அண்டை நாடான ஹை ராக்கின் தென்கரையையும் சேர்த்து இலியாக் விரிகுடாவை முன்பே ஒருமுறை காட்டியிருக்கிறார்கள்: 1996இல், டேகர்ஃபாலில். பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களைக் கணினியே வார்த்துத் தந்த அந்தப் பரப்பில் ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் வேறுபாடு காண்பது கடினம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோள்கள் என்று ஸ்டார்ஃபீல்டுக்கு விளம்பரம் செய்தபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. வெவ்வேறு கோள்களில் ஒரே ஆய்வுக்கூடத்தை, ஒரே மூலையில் ஒரே பிணத்தோடு திரும்பத் திரும்பப் பார்த்த பிறகு அந்த நினைவு வலுத்தது. பாலைவனம் பெரிதாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு மீண்டும் அந்தப் பக்கம் போய்விடக் கூடாது. கையால் செய்த எட்டு ஊர்கள் எனக்குப் போதும்.

மணற்கடிகாரம் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. பீடத்தைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்க வந்தவன், அந்த மந்திரத்தை எங்கே செலுத்தக் கூடாது என்பதைப் பற்றி இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறேன். சாடியாவை நான் ஒவ்வொரு முறையும் காப்பாற்றிவிட்டேன். கெமாட்டுவிடம் பேசிப் பார்க்கலாம் என்றுகூட எனக்குத் தோன்றியதில்லை. இன்றிரவு பழைய சேமிப்பு ஒன்றைத் திறக்கப் போகிறேன்.

ஏழாம்_மணல்மேடு அவர்களின் பதிவைப் படித்த கையோடு டேகர்ஃபாலையும் தரவிறக்கினேன். 2009 முதலே அதை இலவசமாகத் தருகிறார்கள் என்பதும், ஆர்வலர்கள் யூனிட்டி எஞ்சினில் அதை மறுபடி எழுப்பியிருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியாது. தொடக்க நிலவறையான பிரைவேட்டியர்ஸ் ஹோல்டில் ஒன்றரை மணி நேரமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். அம்புக்குறி கிடையாது, வழி சொல்லவும் ஆளில்லை. வெளிவாசல் எந்தப் பக்கம் என்று பழைய_சாலை ஐயா தயவுசெய்து சொல்ல வேண்டும்.

பழைய_சாலை எழுதியது:

சொல்ல மாட்டேன்.