சீக் கபாப் கம்பியில் நிற்கவே மாட்டேன் என்கிறது. எங்கே தப்பு?

அடுப்பங்கரை:
அரை கிலோ மட்டன் கொத்துக்கறி (கொழுப்பில்லாத தொடைக்கறி), பொடியாக நறுக்கிய பெரிய வெங்காயம் 2, பச்சைப் பப்பாளி விழுது 2 டேபிள்ஸ்பூன், முட்டை 1, இஞ்சி பூண்டு, பச்சை மிளகாய், கரம் மசாலா, உப்பு. ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் ஊறியது. ஓவனில் வைத்த ஐந்தாவது நிமிடமே கம்பியிலிருந்து வழுகித் தட்டில் விழுகிறது. கடலை மாவு சேர்த்தால் சரியாகுமா?

கரிப்புகை:
மாவு கடைசி. முதலில் பப்பாளி. அரை கிலோவுக்கு ஒரு டீஸ்பூன், அரை மணி நேரம், அவ்வளவுதான். பப்பாளிப் பால் கறியின் புரதத்தை அறுத்துக்கொண்டே இருக்கும். சூடேறும்போது இன்னும் வேகமாக அறுக்கும். ஒரு ராத்திரி வைத்தால் கிடைப்பது களி. லக்னோ கலௌட்டி கபாப் வாயில் கரைய வேண்டிய பண்டம், அதனால்தான் அதைத் தவாவில் வடை மாதிரித் தட்டிப் போடுகிறார்கள். அதற்குப் போடும் பப்பாளி அளவைக் கம்பிக்குக் கொண்டுவந்தால் நிற்காது.

இரண்டாவது, வெங்காயத் தண்ணீர். நறுக்கி, கால் டீஸ்பூன் உப்பு பிசறி, பத்து நிமிடம் கழித்து மெல்லிய துணியில் முறுக்கிப் பிழியுங்கள். இரண்டு வெங்காயத்தில் கால் டம்ளர் தண்ணீர் இறங்கினாலும் ஆச்சரியமில்லை. அது கறிக்குள் இருந்தால் ஆவியாகிக் கபாபைக் கம்பியிலிருந்து தள்ளும். கொத்தமல்லி, புதினாவையும் கழுவியதும் நன்றாக உலர்த்திவிடுங்கள்.

முட்டை வேண்டாம். கலவையை இளக்கத்தான் செய்யும்.

அம்மிக்கல்:
மேலே சொன்னது சரி, ஆனால் பிசைவதைப் பற்றிப் பேச்சே இல்லையே! கபாபைப் பிடித்து வைப்பது மாவோ முட்டையோ அல்ல, உப்பும் கையும்தான். அரை கிலோவுக்கு மொத்தம் 8 கிராம் உப்பு (வெங்காயத்தில் போட்டதையும் சேர்த்து). ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சில்லென்ற கறியில் முதலில் உப்பை மட்டும் போட்டு, உள்ளங்கை அடிப்பக்கத்தால் தேய்த்துத் தேய்த்து 5, 6 நிமிடம் பிசையுங்கள். உதிரியாக இருந்தது பசை ஏறி, பிய்த்தால் நார் நாராக இழுக்கும். ஒரு உருண்டையை உள்ளங்கையில் ஒட்டிக் கையைக் கவிழ்த்துப் பாருங்கள், விழக்கூடாது. கையில் வெள்ளையாகக் கொழுப்புப் படிந்தால் கறி சூடாகிவிட்டது. நிறுத்தி, இருபது நிமிடம் ஃபிரிட்ஜில் வையுங்கள். மசாலாவும் வெங்காயமும் அதற்குப் பிறகுதான்.

கொழுப்பில்லாத கறி என்கிறீர்களே, அதுவும் கோளாறு. கடையில் 400 கிராம் கறிக்கு 100 கிராம் கொழுப்பு சேர்த்து இரண்டு முறை அரைத்துத் தரச் சொல்லுங்கள். இல்லையென்றால் நின்றாலும் ரப்பர்தான்.

அடுப்பங்கரை:
சரி. கம்பி உருண்டையானது, மெல்லிசு. அதுவும் காரணமா?

கரிப்புகை:
ஆமாம். உருண்டைக் கம்பியைத் திருப்பினால் கம்பி மட்டும்தான் சுற்றும், கறி அப்படியே நிற்கும். ஒரு சென்டிமீட்டர் அகலத் தட்டைக் கம்பி வாங்குங்கள். கையை நனைத்து, விரல் கனத்துக்கு மேல் போகாமல் அழுத்தி ஒட்டுங்கள். இரண்டு முனையையும் கிள்ளி மூடுவது முக்கியம், பிளவு அங்கேதான் ஆரம்பிக்கும். ஒட்டிய பிறகு ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜ். ஓவனை 220 டிகிரிக்கு முன்கூட்டியே சூடாக்கி, ஆழமான தட்டின் இரு விளிம்பிலும் கம்பியைத் தாங்கவிடுங்கள், கறி தட்டில் படக்கூடாது. மேல்புறம் இறுகும்வரை, அதாவது ஆறேழு நிமிடம், தொடாதீர்கள். பிறகு ஒரே தடவை திருப்பி இன்னும் ஆறு நிமிடம். வெப்பமானி இருந்தால் நடுவில் 71 டிகிரி. அதைத் தாண்டி விட்டுவைத்தால் வறண்டுவிடும்.

அம்மிக்கல்:
அப்படியும் இளக்கமாகத் தெரிந்தால் பொட்டுக்கடலைப் பொடி, அரை கிலோவுக்கு 2 டேபிள்ஸ்பூன். பச்சைக் கடலை மாவு என்றால் வாசம் வரும்வரை வறுத்துப் போடுங்கள், இல்லாவிட்டால் பஜ்ஜி வாடை அடிக்கும். மொத்தத்தையும் ஒட்டுவதற்கு முன் ஒரே ஒரு கம்பியைச் சுட்டுப் பார்த்துவிடுங்கள், உப்பும் அதிலேயே தெரிந்துவிடும்.