இ.ஏ. குழுக்களில் கட்சிச் சாய்வு: எங்கே பார்த்தீர்கள், எப்படிச் சரிபார்க்கிறீர்கள்?

நெல்மணி
எஃபெக்டிவ் ஆல்ட்ரூயிசம் (இ.ஏ.) என்பது எந்த நன்கொடை அதிகப் பலன் தரும் என்று கணக்குப் போட்டுக் கொடுக்கும் இயக்கம். அந்த வட்டத்தில் கட்சிச் சாய்வு பேச்சில் அவ்வளவாக வெளிப்படாது, எக்செல் கட்டங்களில்தான் ஒளிந்திருக்கும். 2022 மே மாதம் அமெரிக்க நாடாளுமன்றத்தின் ஒரிகன் 6ஆம் தொகுதியில் ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தல். பெருந்தொற்றுத் தடுப்பை முன்வைத்து காரிக் ஃப்ளின் நின்றார். இ.ஏ. ஆதரவாளரான கிரிப்டோ முதலாளி சாம் பாங்க்மன்-ஃப்ரீட் பணத்தில் நடந்த பிரசாரக் குழு மட்டுமே 1 கோடி டாலருக்கு மேல் செலவழித்தது. இ.ஏ. ஆட்கள் பலர் தனியாகவும் கொடுத்தார்கள். அப்போது ஒருவருக்கு உச்சவரம்பு 2,900 டாலர். வென்றது ஆண்ட்ரியா சலினாஸ்.

இப்படிப்பட்ட நன்கொடைக்கு மூன்று எண்களைப் பெருக்குவார்கள்: ஜெயிக்கும் வாய்ப்பு, ஜெயித்தபின் சட்டம் நிறைவேறும் வாய்ப்பு, அதனால் வரும் பலன். ஒவ்வொன்றையும் இருமடங்கு கூட்டிப் போட்டால் விடை எட்டு மடங்கு வீங்கிவிடும். மலேரியாவைத் தடுக்கக் கொசுவலை கொடுக்கும் நன்கொடைக் கணக்கில் அது அவ்வளவு எளிதில் நடக்காது. பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கும் காக்ரேன் தொகுப்பாய்வு, மருந்திட்ட கொசுவலையால் குழந்தை இறப்பு 17% குறைவதாகச் சொல்கிறது. அந்த எண்ணை இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. ஒரிகனில் வெளியிலிருந்து கொட்டிய பணமே தேர்தலின் பேசுபொருளாகிவிட்டது. அந்தப் பாதிப்புக்கு ஷீட்டில் ஒரு கட்டம் வைக்க வேண்டும்.

கடல்நாரை
நாங்கள் செய்வது கட்சிமாற்றுச் சோதனை. வேட்பாளர் பெயரை அழித்துவிட்டு ஷீட்டை இரண்டு நகல் எடுங்கள். ஒன்றில் ஜனநாயகக் கட்சி, மற்றதில் குடியரசுக் கட்சி. கொள்கை, நிதி, தொகுதி நிலவரம் எல்லாம் ஒன்றே. இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கொடுத்து அந்த மூன்று எண்களையும் நிரப்பச் சொல்லுங்கள். இருமடங்குக்கு மேல் இடைவெளி விழும் கட்டத்தில் நின்று ஆதாரத்தைக் கேளுங்கள். சராசரி எடுத்து மூடிவிடாதீர்கள், சாய்வு அதற்குள்ளேயே அமுங்கிப் போகும்.

சோதனை கெடுவது பெரும்பாலும் ஆள் தேர்வில்தான். 2019 இ.ஏ. கணக்கெடுப்பில் இடது, மைய-இடது சேர்த்து 72%. வலது பக்கம் ஏறத்தாழ 3%. வட்டத்துக்குள்ளேயே இரண்டு பேரைப் பிடித்தால் ஒரே கண்தான் இரண்டு முறை பார்க்கும். ஒருவரையாவது வெளியிலிருந்து கூட்டி வாருங்கள், உங்கள் எண்ணை அவர் கண்ணில் காட்டாமல்.

வடகிழக்கு
கட்சிப் பெயரை மாற்றிப் பார்த்தால் மட்டும் எல்லாச் சாய்வும் பிடிபட்டுவிடாது. நல்ல யோசனை எதிர்பாராத பக்கத்திலிருந்தும் வரும். எச்.ஐ.வி. சிகிச்சைக்கான பெப்ஃபார் திட்டத்தை 2003-ல் தொடங்கியவர் குடியரசுக் கட்சி அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ். சினைப்பன்றிக்கு 24 சதுர அடி இடம் கேட்ட கலிபோர்னியாவின் 12ஆம் முன்மொழிவை (மக்கள் வாக்கெடுப்பில் வந்த சட்டம்) அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2023-ல் 5-4 என நிலைநிறுத்தியது. தீர்ப்பை எழுதியது பழமைவாத நீதிபதி கோர்சச், உடன் நின்றவர்களில் தாராளவாத நீதிபதிகள் சோட்டோமேயரும் கேகனும் உண்டு. இந்த மாதிரி விஷயங்களில், அது மற்றக் கட்சியின் யோசனை என்று ஷீட்டில் ஏறவே ஏறாமல் விடுபட்டவற்றின் பட்டியலைத்தான் முதலில் கேட்டு வாங்க வேண்டும்.