சித்திரையில தூண்டில் போட்ட அனுபவம் சொல்லுங்க

கோபிக்காரன்:
கொடிவேரிக்குக் கீழ பவானியில ஒரு மடுவு. எங்க அப்பாரு காட்டிக் குடுத்த எடமுங்க. மண்புழு கோத்துப் போட்டா கெண்டை, கெளுத்தி, ஆரால்னு கலந்து வரும்.

2024 சித்திரையில ஈரோட்டுப் பக்கம் 110 டிகிரி அடிச்சுது, ஞாபகம் இருக்குங்களா? 105 அடி பவானிசாகர் பாதிக்கும் கீழ எறங்கிக் கெடந்துச்சு. மடுவுல முழங்கால் தண்ணி, வெதுவெதுன்னு. ரெண்டு மணி நேரத்துல சிக்குனதெல்லாம் ஜிலேபி. கடைசியா ஒரு சினைக்கெண்டை. பாவம்னு முள்ளைக் கழட்டி விட்டேன். மல்லாந்துருச்சு. கையில ஏந்தி, தலைய ஓட்டத்துக்கு எதிர வெச்சுப் புடிச்சுப் பாத்தேன். செவுளு ரெண்டு தடவ தொறந்து மூடுச்சு, அவ்வளவுதான். மார்கழியில இதே மீனு விட்டதும் பாஞ்சு ஓடிருமுங்க.

அப்பறந்தான் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். 20 டிகிரி செல்சியஸ்ல லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் புடிக்கற தண்ணி, 30 ஆனா ஏழரைதான் புடிக்கும். அந்தச் சூட்டுல மீனுக்கு மூச்சும் அதிகமா வேணும். முள்ளுல மாட்டிப் போராடுனது எப்படிப் பொழைக்கும்?

காங்கயத்துத் தம்பி:
அண்ணா, எங்க ஊர்க் குளத்துலயும் அந்தக் கோடைதான். ஒரு வாரம் வெயிலு, ஒரே ராத்திரியில பெருமழை. விடியறப்ப கட்லா, ரோகு எல்லாம் மேல வந்து வாயத் தொறந்து தவிச்சுது. பொழுது ஏறறதுக்குள்ள பாதி செத்து மெதந்துச்சு. மருந்து கலந்துட்டாங்கன்னு சண்டையே வந்துருச்சு. மழை அடிச்சதுல மேல்தண்ணி குளுந்து கீழ எறங்கி, அடிச்சேத்துத் தண்ணி கெளம்பியிருக்கு. அதுல ஆக்சிஜனே இருக்காதுங்களே. வெளிக்காத்தக் குடிக்கற விரால் மட்டும் தப்பிச்சுது.

உடுமலை:
ஒரு வருச வெயில வெச்சுப் பருவமே மாறிருச்சுன்னு சொல்ல வேண்டாமுங்க, அப்ப பசிபிக் கடல் சூடேறற எல் நினோவும் சேந்துக்குச்சு. எனக்கு மழையோட தவணை மாறுனதுதான் பெரிய கவலை. ஆனிக் கடைசியில புதுத்தண்ணி வந்தா அமராவதியில மீனு எதுத்து ஏறும், அப்பத்தான் முட்டையிடும். இப்ப சினைய வெச்சுக்கிட்டுத் தண்ணிக்குக் காத்துக் கெடக்குது. வந்தா ஒரேயடியா வெள்ளமா வந்து குஞ்செல்லாம் அடிச்சுட்டுப் போயிருது.

கோபிக்காரன்:
நெசமுங்க. நான் இப்ப பங்குனி பாதியிலயே தூண்டில எரவாணத்துல சொருகிடறேன். மறுபடி ஆடிக்கப்பறந்தான் எடுக்கறது. உங்க பக்கம் யாராச்சும் இப்படி நிறுத்தியிருக்கீங்களா?