பல்லுயிர் 'ஆஃப்செட்': வெள்ளிக்கிழமைக்குள் ஒரு தமிழ்ச்சொல் வேண்டும்

தக்கலையிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். கடற்கரை ஊர்களில் கொடுப்பதற்காக 16 பக்கக் கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஓரிடத்தில் காடோ சதுப்போ மணல்மேடோ அழிகிறது, அதற்குப் பதில் வேறோர் இடத்தில் ஒன்றை உருவாக்கியோ காப்பாற்றியோ கணக்கை நேர்செய்கிறார்கள். அதுதான் 'பயோடைவர்சிட்டி ஆஃப்செட்'. இங்கிலாந்தில் பெரிய கட்டுமானங்களுக்கு 2024 பிப்ரவரி முதல் இந்த மாதிரிக் கணக்கு கட்டாயம். கட்டுவதற்கு முன் அந்த மண்ணில் இருந்த உயிர்வளத்தைவிட 10 விழுக்காடு கூடுதலாகக் காட்ட வேண்டும், அதை 30 வருடம் பராமரிக்கவும் வேண்டும். மனைக்குள் முடியாவிட்டால் வெளியே வேறு நிலத்தில் வாங்கிக்கொள்ளலாம்.

முதலில் 'ஆஃப்செட்' என்றே விட்டிருந்தேன். மிடாலத்தில் ஒரு மகளிர் குழுவில் வாசித்துக் காட்டியபோது எல்லாரும் அச்சாபீஸ் என்று நினைத்துக்கொண்டார்கள். சிவகாசிக்காரர்கள் அந்தச் சொல்லை எப்போதோ எடுத்துக்கொண்டார்கள். 'இழப்பீடு' என்றும் போட முடியாது, ஒக்கிப் புயலுக்குப் பிறகு இந்தக் கரையில் இழப்பீடு என்றால் பணம், வேறொன்றும் கிடையாது. உதவுங்கள்.

நாகர்கோவிலிலிருந்து:

டீச்சர், சொல் கையிலேயே இருக்கிறது: ஈடு. கெடு கேடாவதும் சுடு சூடாவதும் போல இடு ஈடாகும், முதனிலை திரிந்த தொழிற்பெயர். எடுத்த இடத்துக்குப் பதிலாக இன்னோரிடத்தில் இடுவது. 'பல்லுயிர் ஈடு' என்று போடுங்கள், நறுக்கென்று இருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'ஈடும் எடுப்புமில் ஈசன்' என்கிறார் நம்மாழ்வார். அவருடைய தாய் பிறந்த ஊர் நம் திருப்பதிசாரம்தான். ஒருவரைத் தள்ளி ஒருவரை எடுக்கிற பாகுபாடு இல்லாதவன் என்று பொருள். அங்கே ஈடு என்பது தள்ளுவது, எடுப்பு என்பது ஏற்பது. நீங்கள் சொல்கிற ஏற்பாடும் ஓர் இடத்தைத் தள்ளி இன்னோர் இடத்தை எடுப்பதுதானே? அப்படிப் பார்த்தால் 'ஈடெடுப்பு' என்றே ஒரு சொல் செய்யலாம். இதைப் பற்றி விரிவாக நாளை எழுதுகிறேன்.

மார்த்தாண்டத்திலிருந்து:

சார், இலக்கணத்தில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ஈடு என்றால் பத்திரம் எழுதுகிறவனுக்கு அடமானம். ஈடு வைத்த சொத்தைக் கடனைக் கட்டி மீட்டுக்கொள்ளலாம். மணலை அள்ளிய கரையை எந்த வருடம் எதைக் கட்டி மீட்பது?

மடகாஸ்கரின் தென்கிழக்கில், ஃபோர்ட் டாஃபின் பக்கம் ரியோ டின்டோ நடத்தும் சுரங்கத்தில் எடுப்பது இல்மனைட், நம் மணவாளக்குறிச்சி மணலில் இருக்கிற அதே கனிமம். கரையோரக் காடு போவதற்குப் பதிலாக வேறு காடுகளைக் காக்கிறோம் என்றார்கள். நாங்கள் வந்து போன பின் இயற்கைக்கு நட்டத்தைவிட நன்மையே மிஞ்சும் என்று 2004இல் அறிவித்த நிறுவனம் 2016இல் அந்த வாக்கைக் கைவிட்டுவிட்டது. பதிலாகக் குறித்த காட்டை ஒட்டி இருந்தவர்களுக்கோ, காட்டை வெட்டிப் பயிரிடும் வழி அடைபட்டுப் போனது. இதற்கு 'ஈடு' என்று பெயர் வைத்தால், சமமாகிவிட்டது என்று நாமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாகும்.

நம் பழைய திருவிதாங்கூர்ப் பத்திரங்களில் 'குழிக்காணம்' உண்டு. குத்தகைக்காரர் குழியெடுத்து வைத்த தென்னைக்கும் பலாவுக்கும் விலை தீர்த்துத்தான் நிலத்துக்காரர் நிலத்தைத் திரும்பப் பெற வேண்டும். வைத்த மரத்துக்குத்தான் அந்தக் காணம், முன்பு இருந்த காட்டுக்கு இல்லை. அந்த நேர்மையான வேறுபாடு சொல்லிலேயே இருக்கிறது. 'பல்லுயிர்க் காணம்' என்று சொல்லலாம்.

கொல்லங்கோட்டிலிருந்து:

அண்ணே, காணம் என்றால் எங்கள் வீட்டில் கொள்ளு. கிள்ளியூர் தாலுகாவில் 1,144 ஹெக்டேர் கனிம மணல் சுரங்கம் என்று வந்து, 2024 அக்டோபரில் நடக்கவிருந்த கருத்துக் கேட்புக் கூட்டம் எதிர்ப்பால் தள்ளிவைக்கப்பட்டது நம் எல்லாருக்கும் தெரியும். அது மறுபடி கூடினால் மேடையிலிருந்து யாராவது 'ஆஃப்செட்' என்பார்கள், அல்லது 'ஈடுசெய்கிறோம்' என்பார்கள். கூட்டத்தில் இருக்கிற அம்மாவுக்கு அந்த இரண்டு சொல்லும் ஒன்றுதான் என்று அப்போதே பிடிபட வேண்டும். அவர்கள் சொல்லும் சொல்லை நாம் கையேட்டில் மறைத்துவிட்டு, 'ஈடெடுப்பு' என்று ஒன்றைப் போட்டு என்ன பயன்?

அப்புறம் முன்பாதி. பாடநூலில் 'பல்லுயிர்ப் பெருக்கம்' என்று இருக்கிறது. பெருக்கம் என்றாலே கூடுவதுதானே? 'பல்லுயிர்ப் பெருக்க இழப்பு' என்று படித்தால் கூடியதா குறைந்ததா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். இங்கிலாந்தின் 10 விழுக்காட்டை எழுதும்போது 'பல்லுயிர்ப் பெருக்க மிகை' என்று ஆகிவிடும். உயிர்ப்பன்மை என்போம்.

நாகர்கோவிலிலிருந்து:

தம்பி, பன்மை என்றால் ஒருமை பன்மைதான் மாணவர் காதில் விழும். பல்லுயிர் போதும். பண்புத்தொகை, எந்தச் சிக்கலும் இல்லை.

குலசேகரத்திலிருந்து:

அக்கா, காட்டில் வேலை செய்கிறவள் என்பதால் ஒன்று சொல்கிறேன். வரிசையை மறக்கக் கூடாது. முதலில் தவிர்க்க வேண்டும், முடியாததைக் குறைக்க வேண்டும், கெட்டதை அங்கேயே சீராக்க வேண்டும், அதன் பிறகும் மிஞ்சுகிற இழப்புக்குத்தான் இது. நடப்பில் பெரும்பாலும் நாலாவது படியிலிருந்தே பேச்சு தொடங்குகிறது. கிரேட் நிக்கோபாரில் சுமார் 130 சதுர கிலோமீட்டர் மழைக்காட்டை எடுப்பதற்கு ஹரியானாவில் மரம் நடலாம் என்றார்கள். அந்தத் தீவின் காட்டுக்கும் ஆரவல்லிப் பக்கத்து வறண்ட மண்ணுக்கும் பொதுவாக என்ன இருக்கிறது? மரம் நடுவோருக்குப் புள்ளி தரும் ஒன்றிய அரசின் பசுமைப் புள்ளித் ('கிரீன் கிரெடிட்') திட்டத்துக்கு 2024இல் வந்த முதல் விதிமுறையும் மரக்கணக்குதான். மரத்துக்கு ஒரு புள்ளி, ஹெக்டேருக்குக் குறைந்தது 1,100 மரம். புதர்க்காட்டையும் நடும் இடமாகச் சேர்த்திருந்தார்கள், அங்கே வாழ்கிறவற்றை யாரும் எண்ணவில்லை. அதனால் 'ஈட்டுக்காடு' என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். சுசீந்திரம் தேரூரும் வேம்பனூரும் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022இல் ஏறிய நீர்நிலைகள். அங்கே இறங்குகிற நாரைக்கும் வாத்துக்கும் எத்தனை மரம் நட்டாலும் ஆகாது.

ஆனால் எல்லாமே பொய் என்றும் சொல்ல மாட்டேன். அதே மடகாஸ்கரில் அம்பாடோவி நிக்கல் சுரங்கத்துக்காகக் காத்த காடுகளை ஆராய்ந்து 2022இல் வந்த கட்டுரை, அழிந்த காட்டின் அளவுக்கு வேறிடத்துக் காடழிப்பு குறைந்துவருகிறது என்று காட்டியது. அங்குள்ள மக்கள் கொடுத்த விலை வேறு கணக்கு. எனக்கு 'ஈடுகட்டல்' பிடித்திருக்கிறது. கன்னிப்பூ நெல் பருவத்தில் போனதை அடுத்த கும்பப்பூப் பருவத்தில் ஈடுகட்டிக்கொள்ளலாம் என்று நம் ஊரில் சொல்கிறோமே, அதில் கட்டப் பார்க்கிறோம் என்கிற முயற்சிதான் இருக்கிறது, கட்டியாயிற்று என்கிற முடிவு இல்லை.

மார்த்தாண்டத்திலிருந்து:

கன்னிப்பூவும் கும்பப்பூவும் ஒரே வயல், ஒரே ஆள். இங்கே என் வயல் போகிறது, ஈடுகட்டுவது யாருடைய வயலிலோ. 'ஈடுகாட்டல்' என்றால் ஒத்துக்கொள்வேன். ஜாமீனுக்கு ஈடு காட்டுவதுபோல, காட்டுகிறார்கள், அவ்வளவுதான்.

தக்கலையிலிருந்து:

வக்கீல் சார், கருத்து எனக்குப் பிடித்தது. ஆனால் 'ஈடுகாட்டலில்' என்று வேற்றுமை ஏறினால் இடுகாடு என்று வாசிப்பார்கள், என் வீட்டிலேயே அப்படித்தான் வாசித்தார்கள். நேரமும் இல்லை. இதுவரை தனி மடலில் வந்தவற்றையும் சேர்த்தால் 'பல்லுயிர் ஈடுகட்டல்' பக்கம்தான் அதிகம் பேர். முதல் முறை வரும் இடத்தில் மட்டும் 'ஆஃப்செட் என்று இவர்கள் சொல்வது' என்று சேர்க்கிறேன், தம்பி சொன்ன காரணத்துக்காக. வரிசையின் நாலு படியும் முதல் பக்கத்திலேயே வருகிறது. ஈடெடுப்பை அடுத்த பதிப்பில் பார்க்கலாம் சார், கோபித்துக்கொள்ளக் கூடாது.

மார்த்தாண்டத்திலிருந்து:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. குறைந்தது 'ஈடுகட்டும் முயற்சி' என்று எழுதுங்கள் டீச்சர். ஒரு சொல் கூடினால் 16 பக்கம் 17 ஆகிவிடாது.

நாகர்கோவிலிலிருந்து:

கோபம் ஒன்றும் இல்லை. 'முயற்சி' வேண்டாம், தொழிற்பெயரிலேயே அது அடங்கும். அந்த 10 விழுக்காட்டுக்கு என்ன சொல் போட்டிருக்கிறீர்கள்? 'நிகர ஆதாயம்' என்றால் வணிகக் கணக்குபோல இருக்கிறது. மிகை, மேல்வரவு, ஊதியம் என்று மூன்று வழி இருக்கிறது. வள்ளுவர் ஊதியத்தை ஆளும் இடங்களைத் தொகுத்து இன்று இரவே அனுப்புகிறேன்.